என் மகளைத் தோளில் தூக்கி வந்தவர்

அப்பா, நீங்கள் செய்தது அசிங்கம்.

ஜெர்மனியிலிருந்து தாத்தாவைப் பார்க்க வந்த என் இரண்டு வயது மகளை, பெங்களூரு விமான நிலையத்திலிருந்து உத்தனப்பள்ளிக்குக் கொண்டுவந்து சேர்த்தவர் அந்த டிரைவர். பக்கத்து ஊர்க்காரர், நரைத்த மீசை, ஒல்லி உடம்பு. வேகத்தடை வரும்போதெல்லாம் வண்டியை ஊரவிட்டு, பாப்பா விழித்துவிட்டாளா என்று திரும்பிப் பார்ப்பார். நான் பெட்டிகளோடு திணறியதால், அவளை வாசல்வரை தூக்கி வந்தார்.

“நீ ஊருக்குள்ளயா, காலனியாப்பா?” என்று கேட்டீர்கள்.

“காலனிதாங்க.”

உடனே பிள்ளையை வாங்கி வாசலிலேயே நிறுத்தி, தலையில் தண்ணீர் ஊற்றினீர்கள்.

“ஐயோ, ஊத்தாதீங்கய்யா! பாப்பாவுக்கு ஒடம்பு சுடுது” என்று அவர்தான் பதறினார். அவர் முகத்தைப் பார்க்க எனக்குக் கூசியது.

அடுத்த ஊர்க்கூட்டத்தில் எல்லார் முன்னாலும் சொல்லுங்கள்: என் மகள்மேல் எந்த அழுக்கைக் கழுவினீர்கள்?