மூன்று அங்குலம் பெரிய டயரும் ஆறு கிலோமீற்றர் குற்றமும்

போன மாதம் ஒரு திங்கட்கிழமை, காலை ஆறே முக்கால். என் மகள் போகும் பாடசாலை வானைத் தெஹிவளை தாண்டிப் பொலிஸ் மறித்தது. வெள்ளவத்தையில் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு இரத்மலானைக்குப் போகும் வான் அது. ஓட்டுபவர் அன்ரன், கொட்டாஞ்சேனைக்காரர். இருபது வருடமாகச் சாரதி. ஒரு தண்டப்பத்திரம்கூட வாங்காதவர்.

“மீட்டரே பணஹய் மஹத்தயா” என்றாராம் அன்ரன். மீட்டரில் ஐம்பதுதான் காட்டியது என்று.

சார்ஜன்ட் தன் கையிலிருந்த கருவியைத் திருப்பிக் காட்டினாராம். “மேகே பணஸ் ஹயய்.”

ஐம்பத்தாறு. அந்த இடத்தில் ஐம்பதுக்கு மேல் போகக்கூடாது. தண்டப்பத்திரம் எழுதப்பட்டது. பின்சீற்றிலிருந்த ஒரு பிள்ளை அதைப் போனில் படம் பிடித்தது. வான் பாடசாலைக்குப் போய்ச் சேர முன்னமே படம் எங்கள் பெற்றோர் வட்ஸ்அப் குழுவுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது.

எங்கள் குழுவைப் பற்றித் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. மேல் நீதிமன்றம், மேன்முறையீட்டு நீதிமன்றம் எல்லாம் புதுக்கடையில் இருப்பதாகச் சொல்வார்கள். தவறு. அவை எங்கள் போனில் இருக்கின்றன. சாட்சி விசாரணை கிடையாது. தீர்ப்பு காலைத் தேநீருக்கு முன் வந்துவிடும்.

அன்றைய தீர்ப்பை எழுதியது யார் என்று நினைக்கிறீர்கள்? பத்திரிகையில் ஊருக்கெல்லாம் நியாயம் எழுதுகிற நான்தான்.

“நம் பிள்ளைகளின் உயிரைத் துச்சமென மதிக்கும் ஒருவரின் கையில் சுக்கான் இருக்கலாகாது.” இதுதான் என் வசனம். ஸ்டியரிங் என்று எழுத மனம் வரவில்லை. ‘சுக்கான்’ என்று அடித்து, அதன் அழகை இரண்டு தரம் வாசித்துப் பார்த்துவிட்டுத்தான் அனுப்பினேன். கட்டைவிரல்கள் குவிந்தன. அடுத்த வகுப்புக் குழுவுக்குப் போனது. அதற்கடுத்த பாடசாலைக் குழுவுக்கும் போனது. பின்னேரம் அன்ரனுக்கு வேலை இல்லை.

அன்ரனிடம் என்ன நடந்தது என்று கேட்டேனா? கேட்கவில்லை. கேட்டால் வசனத்தின் வேகம் குறைந்துவிடும் அல்லவா...

அடுத்த கிழமை பாடசாலையில் பெற்றோர் கூட்டம். நானும் வானில் முன்சீற்றில் ஏறிக்கொண்டேன். புதிய சாரதி. கூட்டத்துக்குப் பிந்துவேனோ என்ற பயத்தில் போனில் வரைபடத்தைத் திறந்து மடியில் வைத்திருந்தேன். அதன் மூலையில் வேகமும் காட்டும். காலி வீதியில் வான் நேராக ஓடுகிறது. சாரதியின் மீட்டரில் ஐம்பது. என் மடியில் ஐம்பத்தாறு.

கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தேன். மீட்டரில் நாற்பது. மடியில் நாற்பத்தைந்து.

போனை மீட்டருக்குப் பக்கத்தில் பிடித்தேன்.

“தம்பி, இந்த வானுக்கு என்ன செய்தவை?” என்றேன்.

“தெரியாது சேர். ரெண்டு மாசத்துக்கு முந்தி டயர் மாத்தினதாம், மாளிகாவத்தையில. ஏத்தத்தில இழுக்குதே இல்ல. மூண்டாம் கியரில ஏற வேண்டிய இடத்துக்கு ரெண்டாம் கியர் கேக்குது. கிளட்ச் மணக்குது.”

பின்னேரம் வான் எங்கள் ஒழுங்கைக்கு வந்ததும், மனைவி அளவெடுக்கும் தையல் ரேப்போடு போய் வீதியில் மண்டியிட்டேன். ஓடுகிற டயரின் உயரம் இருபத்தேழு அங்குலம். வானின் வயிற்றுக்கடியில் தொங்கிய உபரி டயரை யாரும் மாற்றவில்லை. அது இருபத்துநாலு. பல்கனியிலிருந்து பார்த்த மாமி ஒருவர், “சட்டை தைக்கப் போறியளோ?” என்று கேட்டார்.

கணக்கு ஐந்தாம் வகுப்புக் கணக்குத்தான். ஸ்பீடோமீட்டருக்குக் கண் கிடையாது. வீதியில் எவ்வளவு தூரம் போனோம் என்று அதற்குத் தெரியாது. உள்ளே எத்தனை சுற்று நடந்தது என்று எண்ணும், அவ்வளவுதான். ஒரு சுற்றுக்கு இவ்வளவு தூரம் என்று கொம்பனி சொல்லிக்கொடுத்ததை நம்பிக்கொண்டிருக்கும். டயரைப் பெரிதாக்கினால் அதே ஒரு சுற்றில் வான் ஒன்பது அங்குலம் கூடப் போகும். மீட்டருக்கு அது தெரியாது. ஐம்பது, ஐம்பது என்று சத்தியம் செய்யும். வீதியில் நீங்கள் ஐம்பத்தாறில் போய்க்கொண்டிருப்பீர்கள்.

கியருக்கும் இதே கதைதான். கியர்கள் எல்லாம் சின்னச் சில்லை உருட்டுவதற்கு அளந்து செய்தவை. ஒவ்வொரு சுற்றிலும் கூடத் தூரம் தள்ளு என்றால் எஞ்சின் எங்கே போகும்? சைக்கிளில் ஏற்றம் வரும்போது பாரமான கியரைப் போட்டு மிதித்துப் பாருங்கள், முழங்கால் சொல்லும். வானுக்கு முழங்கால் இல்லை. கிளட்சை எரித்துச் சொல்கிறது.

அடுத்த நாள் மாளிகாவத்தைக்குப் போனேன். டயர்க் கடைக்காரரை எல்லோரும் நானா என்பார்கள். அவர் என் கேள்வியை முடிக்கவே விடவில்லை.

“நான் அந்த முதலாளிக்கிட்ட அண்டைக்கே சென்ன தானே சேர். இந்த சைஸ் போட்டா மீட்டர் கொறயக் காட்டும், கியரும் பாரமாகும், டிரைவருக்குச் செல்லி வைங்க எண்டு சென்ன. அவர் சிரிச்சிட்டுப் போனாரு.”

அண்டைக்கே சொன்னார். அன்றே தெரியும். இங்கேதான் எனக்கு இரத்தம் கொதித்தது, இதை எழுதும்போதும் கொதிக்கிறது. தெரியாமல் செய்தால் மடத்தனம். தெரிந்துகொண்டு, ஒரு மனிதனிடம் பொய் மீட்டரைக் கொடுத்து, பதினாலு பிள்ளைகளையும் ஏற்றிவிட்டு, அவன் பிடிபட்ட அன்று அவனையே வேலையை விட்டு நிறுத்துவதற்கு என்ன பெயர்? நான் நாலு பெயர் எழுதினேன். பத்திரிகை ஆசிரியர் நாலையும் வெட்டிவிட்டார்.

வான் முதலாளி எங்கள் பக்கத்து ஒழுங்கைதான். மூன்று வான் வைத்திருப்பவர். அவரின் மகன் தன் ஜீப்புக்கு இன்னும் பெரிய டயர் வாங்கியதால் பழையது நாலும் சும்மா கிடந்ததாம். நல்ல டயர், வீணாகலாமா? வானுக்குப் பூட்டியாயிற்று. நேரே அவர் வீட்டுக்குப் போனேன்.

“அண்ணை, டயர்க்காரர் உங்களுக்குச் சொன்னவராம்.”

“அவங்கள் ஆயிரம் சொல்லுவாங்கள் தம்பி. மழைக்கு ரோட்டில வெள்ளம் நிண்டா வான் உயரமா இருக்கிறது நல்லதெல்லே. பார்க்கவும் எடுப்பா இருக்கு.”

“மீட்டர் பிழையாக் காட்டுது. நான் போனில பார்த்தனான்.”

“போன் சீனாக்காரன் செய்தது. மீட்டர் ஜப்பான்காரன் செய்தது. நீங்கள் ஆரை நம்புவியள்?”

“அன்ரன் உங்களிட்ட ஏத்தத்தில இழுக்குதில்லை எண்டு சொல்லேல்லையோ?”

“சொன்னவன். ஓடத் தெரியாட்டி அப்பிடித்தான் எண்டு சொன்னனான்.” பிறகு என்னை நல்ல அன்போடு பார்த்தார். “இப்ப என்ன தம்பி, என்னோட சண்டைக்கு வாறியள்? நான் அவனை நிப்பாட்டியிருக்கவே மாட்டன். நீங்கள் எழுதினதைப் பார்த்துத்தானே நிப்பாட்டினனான். சுக்கான் எண்டெல்லாம் போட்டிருந்தியள்.”

அவ்வளவு கோபத்தையும் சுமந்துகொண்டு போய், பாதியை என் தலையிலேயே கொட்டிக்கொண்டு திரும்பினேன்.

ஞாயிற்றுக்கிழமை கொட்டாஞ்சேனைக்குப் போனேன். அன்ரன் பூசைக்குப் போய்விட்டு வந்திருந்தார். வெள்ளைச் சட்டை. கதிரையைத் தன் கையாலேயே துடைத்துப் போட்டார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். டயர், மீட்டர், தையல் ரேப், டயர்க் கடை நானா, என் வசனம்.

“அப்ப நான் அம்பதுல போகல்லையா சேர்?”

“இல்லை. ஐம்பத்தாறில் போயிருக்கிறீர்கள்.”

“ரெண்டு மாசமாவா?”

“இரண்டு மாதமாக.”

விரல் விட்டு எண்ணிப் பார்த்தார். “வான் லேட் எண்டு உங்க குரூப்ல சண்டை போட்டீங்கதானே சேர். அதுக்காக நான் செவ்வாய்க்கிழமை அந்தோனியார் கோயில் நோவேனாவுக்குப் போக ஆரம்பிச்சேன். மூணாவது கிழமையே வான் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்திச்சு. அதே ரோட், அதே மீட்டர். அந்தோனியார் செஞ்ச புதுமை எண்டு நெனச்சு மெழுகுதிரி வச்சேன்.”

சிரிப்பதா என்று எனக்குத் தெரியவில்லை. அவர் சிரிக்கவில்லை.

“பிள்ளைங்க இருந்தாங்களே சேர், பின்னால” என்றார். அதை மட்டும் இரண்டு தரம் சொன்னார். வேலை போனதைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. அதை அவரின் மனைவிதான் சொன்னார்: “வேற ரெண்டு வான்காரர்கிட்ட கேட்டாங்க சேர். உங்க மெசேஜ் அவங்க போன்லயும் இருக்கு.”

வீட்டுக்கு வந்து குழுவில் எல்லாவற்றையும் எழுதினேன். டயர் இரண்டையும் அளவோடு படம் பிடித்துப் போட்டேன். மன்னிப்பும் கேட்டேன். இந்தத் தரம் அழகான சொல் ஒன்றும் தேடவில்லை. மூன்று பேர் கட்டைவிரல் காட்டினார்கள். ஒருவர் நாளை வெள்ளைச் சப்பாத்தா கறுப்புச் சப்பாத்தா என்று கேட்டார். அதற்குப் பதில் எழுதப் பதினொரு பேர் ஓடிவந்தார்கள். என் மன்னிப்பு அந்தச் சப்பாத்துகளுக்குக் கீழே போய்விட்டது.

சட்டம் தெரிந்த நண்பரிடம் கேட்டேன். வாகனம் எப்படி இருந்தாலும் வேகத்துக்குப் பதில் சொல்ல வேண்டியவன் ஓட்டுபவன்தான் என்றார். சரி. பொலிசைக் குறை சொல்ல மாட்டேன். அந்தக் கருவி உண்மையைத்தான் சொன்னது. அன்ரனும் உண்மையைத்தான் சொன்னார். பொய்யைப் பூட்டியவர் பல்கனியில் பேப்பர் வாசிக்கிறார். பெரும்பாலும் இதையும் வாசிப்பார்.

என் மகள் இப்போது பஸ்ஸில் போகிறாள். நாலு குடும்பங்கள் அந்த வானிலிருந்து பிள்ளைகளை இறக்கிவிட்டன. சரியான அளவில் டயர் போட்ட ஒரு வானும் அன்ரனும் கிடைத்தால் நாங்கள் ஐந்து வீடும் தயார். உங்களில் யாரிடமாவது அப்படியொரு வான் இருந்தால் பத்திரிகை முகவரிக்கு எழுதுங்கள். இது பத்தியா, விளம்பரமா என்று கேட்டு ஆசிரியர் முறைக்கிறார். முறைக்கட்டும்.

ஒரு மனிதனைப் பற்றி நான் விசாரிக்காமல் எழுதிய ஒரு வரியை யார் யாரோ எங்கெங்கோ அனுப்பிவைத்தீர்கள். விசாரித்து எழுதிய இதையும் ஒருதரம் அனுப்பிவிடுங்கள், பார்ப்போம்.