ஆவணி நாடகமும் என் மீசையும்

எங்கள் தீவு ஊரான சுருவிலில் நாடகம் எப்படித் தொடங்கியது என்று கேட்பவர்களுக்கு உண்மையைத்தான் சொல்வேன்: சும்மா இருக்க முடியாமல். கொழும்புக் கந்தோர்களில் எழுதுவினைஞர்களாக இருந்த நாங்கள் ஏழெட்டுப் பேர் ஆவணியில் லீவெடுத்து ஊருக்கு வருவோம். மூன்று நாள் வீட்டுச் சாப்பாடு. நாலாம் நாள் அலுப்பு. அப்படித்தான் அறுபதுகளின் தொடக்கத்தில் ஒரு வருடம் பள்ளிக்கூட வளவில் மேடை போட்டோம். "உத்தியோகம் பாக்கிற பொடியளுக்கு வேறை வேலையில்லை" என்று பெரியவர்கள் சிரித்தார்கள். மூன்றாம் வருடம் அதே பெரியவர்கள் நாடகம் நடக்கும் கிழமையைத் தவிர்த்துத்தான் கலியாணத்துக்கு நாள் பார்த்தார்கள்.

மேடைக்குப் பனங்குற்றியும் கிடுகு ஓலையும் வயல் செய்யும் கமக்காரர் தந்தார்கள். திரை, கடற்கரைப் பக்கத்துக் கத்தோலிக்கச் சனத்துடையது. தங்கள் வள்ளத்துப் பாயைக் கழற்றித் தருவார்கள். அன்றைக்கு அவர்களுக்குத் தொழில் இல்லை. மீன் மணக்கும்தான். அதற்கு யாராவது முகம் சுளித்தால் எனக்குக் கெட்ட கோபம் வரும்.

வேலிச் சண்டையில் ஆறு வருடமாகக் கதையாமல் இருந்த இரண்டு பேரைத் திரைக் கயிற்றின் இரண்டு பக்கமும் நிறுத்தினோம். ஒன்றாக இழுப்பதென்றால் கதைத்துத்தானே ஆக வேண்டும். முதல் வருடம் 'இழு', 'விடு' என்பதோடு நின்றது. அடுத்த வருடம் ஒருவரின் மகள் கலியாணத்தில் மற்றவர் பந்தி பரிமாறினார்.

பெண்கள் மேடையேறாத காலம். கதாநாயகி நான்தான். ஆவணி வந்தால் மீசை போய்விடும். திரும்பக் கந்தோருக்குப் போனால், "என்ன, வீட்டிலை ஆரும் மோசம் போயிட்டினமோ?" என்று துக்கம் விசாரிப்பார்கள்.

ஒரு வருடம் நெடுந்தீவிலிருந்து எனக்கு ஒரு சம்பந்தம் வந்தது. பெண்ணின் தகப்பனுக்கு நாடகம் கூத்து ஆகாது, அவர் காதில் விழக் கூடாது என்று தரகர் சொல்லிவிட்டார். அதற்கு முதல் இரண்டு சம்பந்தம் இந்த நாடகத்தால்தான் குழம்பிப் போயின. "இதுவும் போனால் நீ வருசா வருசம் மீசையை எடுத்துக்கொண்டே இரு" என்றா அம்மா. எனக்கு வயது முப்பத்திரண்டு. வெளியில் சிரித்தாலும் உள்ளுக்குள் பயம்தான். நாடகம் சனிக்கிழமை, தகப்பன் தரகரோடு மாப்பிள்ளை பார்க்க வருவது அடுத்த புதன். மீசை எங்கே என்று கேட்டால் சவரக்கத்தி பிசகிவிட்டது என்று சொல்ல யோசித்து வைத்திருந்தேன்.

வெள்ளிக்கிழமை பகல், வேஷத்தோடு ஒத்திகை. சீலை, சவரிமுடி, காதில் தோடு. தாகம் தாங்காமல் பள்ளிக்கூடக் கிணற்றடிக்குப் போய் வாளியை இழுத்துக்கொண்டிருந்தேன். படலை வாசலில் குடையும் பையுமாக ஒரு வேட்டிக்காரர் வந்து நின்றார்.

"பிள்ளை, நான் நெடுந்தீவிலையிருந்து வாறன். கொழும்பிலை கிளாக்கராய் இருக்கிற தம்பி, சங்கக் கடைக்குப் பின்னாலை வீடு எண்டவை. எந்தப் பக்கம்?"

புதன்கிழமை வரவேண்டிய பெண்ணின் தகப்பன்தான். மேடைக் குரலை எடுத்துக்கொண்டு, நிலத்தைப் பார்த்தபடி, "நேரை போய்ச் சோத்துக்கைப் பக்கம் திரும்புங்கோ ஐயா" என்றேன்.

"சந்தோசம் பிள்ளை" என்று அவர் நடந்தார். நான் வேலியின் ஓட்டைப் பொட்டுக்குள்ளால் புகுந்து குறுக்கு வழியால் வீட்டுக்கு ஓடினேன். பவுடரைக் கழுவி, வேட்டி கட்டி விறாந்தைக்கு வந்தபோது அவர் கதிரையில் இருந்தார். அம்மா குசினிக்குள் தேத்தண்ணி போட்டுக்கொண்டிருந்தா. அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"தம்பி, கிணத்தடியிலை நிண்டது நீர்தானே?"

"ஓம் ஐயா."

"குரல் நல்லாத்தான் இருந்தது. ஆனால் சீலையை ஆம்பிளையளின்ரை சாரம் மாதிரி முழங்காலுக்கு மேலை மடிச்சுக் கட்டின பொம்பிளையை நான் இதுவரைக்கும் காணேல்லை."

அவர் சிரிக்கவில்லை. மூன்றாவதும் போய்விட்டது என்று நினைத்தேன். வெட்கம் ஒரு பக்கம், போகிறதுதானே போகட்டும் என்ற வீம்பு மறுபக்கம்.

"மறைச்சது பிழைதான் ஐயா. ஆனால் நாடகத்தை விட என்னாலை ஏலாது" என்றேன்.

அவர் குடையைச் சுவரில் சாத்திவிட்டுச் சொன்னார்.

"புதன்கிழமை வந்தால் தரகர் என்னைக் கதைக்க விடார். அதுதான் இண்டைக்குத் தனிய வந்தனான். என்ரை பிள்ளைக்கு ஒரு கால் மற்றதிலும் கட்டை. சாய்ஞ்சுதான் நடப்பா. உமக்கு அனுப்பின படம் கதிரையிலை இருத்தி எடுத்தது. சொல்லவேண்டாம் எண்டு தரகர் சொன்னவர், நானும் ஓமெண்டிட்டன்."

போகச் சொல்லிவிடுவேனோ என்பதுபோலக் குடையைத் திரும்பக் கையில் எடுத்துக்கொண்டார். எனக்கோ தலையிலிருந்து ஒரு மூட்டையை இறக்கி வைத்ததுபோல இருந்தது. என்னைவிடக் கூடுதலாய்ப் பயந்து, கடல் கடந்து வந்த ஒரு மனிசன் என் முன்னால் இருந்தார்.

"அப்ப, நாடகக்காரன் எண்டு கோபமில்லையோ ஐயா?"

"நாடகம் எனக்குப் பிடிக்காதுதான். அதுக்காக ஆளை வேண்டாமெண்டுவனோ?"

"தரகருக்கு ஓமெண்டிட்டுப் பிறகு ஏன் சொல்ல வந்தனீங்கள்?"

"நானாய் வரேல்லைத் தம்பி. பிள்ளைதான் அனுப்பினவ. 'சொல்லாமல் கட்டித் தந்தால் தாலி என்ரை கழுத்திலை ஏறாது' எண்டு பிடிவாதமாய் நிண்டவ."

அவளை நேரில் பார்க்க இன்னும் இரண்டு மாதம் இருந்தது. எனக்கு அந்த விறாந்தையிலேயே அவளைப் பிடித்துவிட்டது.