மஞ்சள் ஒயரும் ப்ளூ-ரே பெட்டியும்

கடையில் நின்று சாமான் காட்டி விற்கிற வேலையில் கால் வலியெல்லாம் பெரிய விஷயமில்லை. காட்டுகிற சாமான் நமக்கே சரியாகத் தெரியாது என்பதுதான் பெரிய வலி. உங்களில் யாராவது கழுத்தில் கம்பெனி அட்டையை மாட்டிக்கொண்டு காலை பத்து மணியிலிருந்து சிரித்திருந்தால், நான் சொல்வது புரியும்.

டிவிடிக்கு அடுத்ததாக ப்ளூ-ரே என்று புது டிஸ்க் வந்த சமயம். சத்திரம் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு பெரிய கடையில் என்னை நிறுத்தினார்கள். அந்த டிஸ்கைப் போட்டுக் காட்டத் தனிப் பெட்டி வரவில்லை. கேம் ஆடுகிற பெட்டியையே அனுப்பி, "இதுலயும் ஓடும், இத வச்சே பிரபலப்படுத்து" என்று சொல்லிவிட்டார்கள். தீபாவளிக்குள் பத்துப் பெட்டி போனால் எனக்கு வேலை நிரந்தரம், இல்லையென்றால் கவுன்ட்டரை மூடிவிடுவார்கள். நானோ லால்குடியில் பார்த்த டைப்பிங் வேலையை வீராப்பாக விட்டுவிட்டு வந்திருந்தேன். அங்கே என் நாற்காலியில் வேறொருத்தி உட்கார்ந்தாயிற்று.

ரிமோட் இல்லாத பெட்டி

பெட்டியோடு ரிமோட் வரவில்லை. படத்தை ஓட்டுவதற்கும் நிறுத்துவதற்கும் கேம் ஆடுகிற அந்த ரெண்டு கொம்பு வைத்த சாதனம்தான். பெற்றோர் கண்ணில் அது பட்டால் வியாபாரம் அவ்வளவுதான். அதனால் துப்பட்டாவுக்குள் மறைத்து வைத்து, கவுன்ட்டருக்கு அடியில் பட்டனைத் தடவித் தடவி அமுக்குவேன். முகத்தில் சிரிப்பு மட்டும் மாறாது.

பொன்மலையிலிருந்து ரயில்வே வொர்க்‌ஷாப்காரர் ஒருவர் மனைவியோடும் மகளோடும் வந்தார். திரையில் காடு, பறவை எல்லாம் ஓடியது. அவர் பர்ஸை எடுத்தேவிட்டார். அந்த நேரம் பார்த்து என் விரல் தப்பான பட்டனில் பட, பறவை பறந்துபோய் கேம் பட்டியல் வந்து நின்றது. மகள் முகம் மலர்ந்தது, அம்மா முகம் சுண்டியது.

"ஏங்க, பர்ஸ உள்ள வைங்க. இவ பன்னெண்டாவது முடிக்கட்டும், நாம போய் மிக்ஸி பாப்போம்."

பத்தாவது பெட்டி

எப்படியோ ஒன்பது பெட்டி போயிருந்தது. மறுநாள் சென்னையிலிருந்து அதிகாரி வருகிறார். இன்னும் ஒன்று வேண்டும். ஸ்ரீரங்கத்திலிருந்து ஒரு போன் வந்தது, வீட்டுக்கு வந்து போட்டுக் காட்டச் சொல்லி. பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

பேங்க்கில் இருந்து ஓய்வு பெற்ற மாமா. புதுசாகப் பெரிய தட்டை டிவி வாங்கியிருந்தார். முதலில் பையன் கல்யாண டிவிடியைப் போடச் சொன்னார். பிறகு என் ப்ளூ-ரே டிஸ்க். எழுந்து கிட்டே வந்து பார்த்தார், கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு பார்த்தார். "ரெண்டும் ஒண்ணாத்தானேம்மா தெரியறது? கண்ணுல புரைன்னு டாக்டர் சொன்னார், அதனாலயா?" என்றார். "கண்ணுதான் மாமா" என்றேன், சட்டென்று. யோசித்துச் சொல்லவில்லை, பத்தாவது பெட்டி சொல்லவைத்தது. அவர் பெட்டியை வாங்கிக்கொண்டு உள்ளே இருந்த மாமிக்குக் குரல் கொடுத்தார்.

"கேட்டியா, நாளைக்கே டாக்டருக்குப் போன் பண்ணி ஆபரேஷனுக்கு நாள் கேளு."

டிவிக்குப் பின்னால்

முன்னால் வாங்கிய ஒன்பது பேரும் "ஆமா, தெளிவாத்தான் இருக்கு" என்று தலையாட்டியிருந்தார்கள். மாமா ஒருத்தர்தான் தெரியவில்லை என்று உண்மையைச் சொன்னவர். அது எனக்கு விளங்கியது அன்று சாயங்காலம்தான்.

பாலக்கரைக்காரர் ஒருவர் கடைக்கு வந்தார். குவைத்திலிருந்து லீவில் வந்தவர், திரையைப் பார்க்கவேயில்லை. நேராக டிவிக்குப் பின்னால் எட்டிப் பார்த்துச் சிரித்தார். பெட்டியோடு வந்த மஞ்சள், சிவப்பு, வெள்ளை ஒயரைத்தான் நான் கடையிலும் வாங்கியவர்கள் வீட்டிலும் மாட்டிக்கொண்டிருந்தேன். அதில் எதைப் போட்டாலும் டிவிடி அளவுக்குத்தான் தெரியுமாம். தட்டைத் தலை ஒயர் ஒன்றைக் கடையிலிருந்தே எடுத்து மாட்டினார். ரெண்டு மாதமாக நான் காட்டிய அதே பறவை. முதல் முறையாக அதன் இறகை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். எனக்கு அழுகை வந்துவிட்டது.

"அல்லாவே! மஞ்ச ஒயர சொருகி வச்சுக்கிட்டு ரெண்டு மாசமா இதையாம்மா வித்தீங்க?"

அவர் போனதும் கடை மேனேஜர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். மாமா விஷயத்தைச் சொன்னேன். எதையும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

"இங்க பாரு, ஏற்கெனவே வாங்கிட்டுப் போனவங்ககிட்ட வாயவே தொறக்காத. ஒருத்தர் பெட்டியத் திருப்பிக் குடுத்தாலும் நாளைக்கு உனக்கு ஒன்பதுதான்."

ஸ்ரீரங்கத்தில் இறங்கினேன்

மறுநாள் காலையில் லால்குடியில் ரயில் ஏறும்போது பையில் ஒரு தட்டைத் தலை ஒயர் இருந்தது. கடைக்கு இறங்குகிற டவுன் ஸ்டேஷன் வரை பேசாமல் உட்கார்ந்திருந்தால் வேலை நிச்சயம். ஸ்ரீரங்கம் வந்ததும் இறங்கிவிட்டேன். தைரியம் என்று நினைக்காதீர்கள். நல்ல கண்ணைக் கெட்ட கண் என்று சொல்லிவிட்டோமோ என்று ராத்திரி முழுக்கப் பயம்.

மாமி கதவைத் திறந்தார். ஒயரை மாற்றி மாட்டி, நடந்ததை எல்லாம் சொல்லிவிட்டேன். மாமா பறவையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், திரும்பப் பறவையைப் பார்த்தார். புரை இருந்தது நிஜம்தான், ஆனால் இப்போதைக்கு அவசரமில்லை என்றுதான் டாக்டர் சொல்லியிருந்தாராம். பெட்டியைத் தூக்கிக்கொண்டு போகச் சொல்வார் என்று நான் எழுந்தே நின்றுவிட்டேன்.

"உக்காரு. பெட்டி இங்கேயே இருக்கட்டும். 'கண்ணுதான் மாமா'ன்னு சொன்னியே, அதை மட்டும் திருப்பி எடுத்துண்டு போ."

வேலை நிரந்தரமானது, நிரந்தரமான வேலையில் நான் செய்த முதல் காரியம், மற்ற ஒன்பது வீடுகளுக்கும் கையில் ஒயரோடு போய் ஒன்பது விதமாகத் திட்டு வாங்கிக்கொண்டதுதான்.