பாதி மண்டலா

என் வீட்டுக்காரர் சட்டைக் கடையில் கட்டிங் மாஸ்டர். ஊரில் பாதிப் பேருடைய தொப்பை அளவு அவருக்கு மனப்பாடம். பக்கவாதம் வந்து வலது கை விழுந்ததும் ஆளே மாறிப்போனார். விரல்கள் மெல்ல மெல்ல அசையத் தொடங்கிய பிறகும் கத்தரியை மட்டும் தொடமாட்டேன் என்றார்.

"தச்சதப் பிரிச்சுடலாம். வெட்டினத ஒட்ட முடியுமா? கடையில என் மேசைய வேற ஆளுக்குக் கொடுக்கச் சொல்லிடு."

நான் சொல்லவில்லை. பிடிவாதத்தில் நான் அவருக்கு அக்கா.

மருத்துவமனையில் மண்டலா வரையும் வகுப்பு நடக்கிறது என்று கேள்விப்பட்டு இழுத்துக்கொண்டு போனேன். நடுவில் ஒரு புள்ளி, அதைச் சுற்றி வட்டம், வட்டத்தைச் சுற்றி இதழ்கள், இப்படியே தாள் நிறையும்வரை. கைக்கும் பயிற்சி, மனசுக்கும் ஆறுதல் என்றாள் சொல்லிக்கொடுக்கும் பெண். இவர் அவளை டாக்டரம்மா ஆக்கிவிட்டார்.

"சின்னப் பிள்ளைங்க வேலை" என்று முணுமுணுத்தபடி பென்சிலை எடுத்தவர் அப்புறம் நிமிரவே இல்லை. கோடு நடுங்கியது. ஆனால் வீட்டில் தொட்டதற்கெல்லாம் எரிந்து விழுகிற மனுஷன் நாக்கைக் கடித்துக்கொண்டு அமைதியாக உட்கார்ந்திருந்தார். எனக்கு வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது.

"முடிச்சாச்சு டாக்டரம்மா."

இடப்பக்கம் மட்டும் அரை வட்டங்கள், அரைகுறை இதழ்கள். வலப்பக்கம் ஒன்றுமே இல்லை. அந்தப் பெண்ணின் முகம் வெளுத்துவிட்டது. பக்கவாதம் வந்த சிலருக்கு ஒரு பக்கம் கண்ணிலேயே படாதாம்.

"சார், இந்தப் பக்கம் தெரியுதா?" என்று அவருடைய வலப்பக்கம் விரலை ஆட்டினாள்.

"நல்லாத் தெரியுதே. எதுக்கு விரல ஆட்டுறீங்க?"

"அப்ப ஏன் பாதியோட நிறுத்திட்டீங்க?"

"முழுசா எவன் வரைவான்? பாதி வரைஞ்சு மடிச்சு வெட்டினா மறுபாதி தானா வந்துடும்ல? சட்டை முதுகே அப்படித்தான் வெட்டுறோம்."

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்கு அழுகைதான் வந்தது. கொஞ்ச நேரத்தில் மனுஷன் என் உயிரை வாங்கிவிட்டார்!

"இங்க அந்தக் குறுக்குவழி செல்லாது சார். மறுபாதியும் கையாலதான் வரையணும். அதுதான் பயிற்சி."

அவருக்கு ரோஷம் வந்துவிட்டது. தாளை நடுவில் மடித்து நீவினார்.

"கத்தரி இருந்தா கொடுங்க. காட்டுறேன்."

அந்தப் பெண் எடுத்து நீட்டிய கத்தரியை நானே வாங்கி அவர் கையில் வைத்தேன். தாமதித்தால் மனசு மாறிவிடுவாரோ என்று பயம். கட்டைவிரலை வளையத்துக்குள் நுழைக்கவே பாடுபட்டார். உதவப் போன என்னை முழங்கையால் தள்ளினார். இதழ்களின் ஓரமாக வெட்டிக்கொண்டே வந்தவருக்குக் கை வழுக்கி, ஒரு இதழின் நுனி துண்டாக விழுந்தது.

தாளை விரித்துப் பார்த்தார். மடித்து வெட்டியதால் இரண்டு பக்கமும் நுனி போயிருந்தது. கசக்கி எறியப்போகிறார் என்று நினைத்தேன்.

"ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி கெட்டிருக்கு. புது மாடல்னு சொல்லிடலாம்" என்றார். கத்தரியைக் கீழே வைக்காமலே என் பக்கம் திரும்பினார்.

"வீட்டுல பழைய பேப்பர் எதையும் தூக்கிப் போட்டுடாத. துணி அப்புறம் பாத்துக்கலாம்."