ராணுவ ரகசியமும் மீஞ்சூர் எலுமிச்சம்பழமும்

எழுபத்தொன்றில் போர் நடந்தபோது எங்கள் பக்கத்து லாரித் தொழிற்சாலையிலிருந்து ராணுவத்துக்கு எத்தனை லாரி போனது? அது தெரியாவிட்டால் என் ஆய்வில் ஓர் அத்தியாயமே போச்சு.

அதனால் இன்று குழந்தையைத் தூக்கிக்கொண்டு, அங்கே வேலை பார்த்த ஃபோர்மேனைத் தேடி மீஞ்சூர் போனேன்.

"அது ராணுவ ரகசியம்மா. சொல்ல மாட்டேன்" என்றார். இத்தனை வருடமாகக் காப்பாற்றுகிறாராம்.

சமையலறையிலிருந்து அவர் மனைவி வந்தார்.

"இன்னாய்யா ரகசியம்? வெளிய போற ஒவ்வொரு லாரிக்கும் சக்கரத்துல வெக்க நாலு எலுமிச்சம்பழம். சந்தையில வாங்கினு வந்து குடுத்தது யாரு? சண்டையப்போ தெனம் ஒரு கூடை தூக்கினு வந்தேன். 'இன்னிக்கு எத்தினி வண்டிக்கா?'ன்னு பழக்காரனே கேப்பான்!"

"மெதுவா பேசுடி" என்று ஃபோர்மேன் ஜன்னலைச் சாத்தினார்.

நான் ஆவலாகக் குறித்துக்கொள்வதற்குள், என் மகள் மேசையிலிருந்த பழத்தைக் கடித்துவிட்டாள். விதையை விழுங்கிவிட்டாளோ என்று அவள் வாய்க்குள் விரல் விட்டுத் தேடிய பதற்றத்தில், கேட்கவேண்டிய ஒரே கேள்வியைக் கேட்காமல் வந்துவிட்டேன்.

மீஞ்சூர்க்காரர்களே, அந்தக் காலத்துக் கூடையில் எத்தனை எலுமிச்சம்பழம் பிடிக்கும்? அதை நாலால் வகுத்து, சண்டை நடந்த நாட்களால் பெருக்கினால் என் அத்தியாயம் பிழைத்துவிடும்.