எங்கள் லயத்துச் சுவருக்கு நான் கேட்ட வெள்ளைச் சாயம்

புதுச் சாயத்தின் வாசனை மூக்கில் ஏறினால் இன்றும் நான் வேறு வழியாகச் சுற்றிப் போகிறேன்...

இரண்டு வருடங்களுக்கு முன்பு, ரெம்பாவ் பக்கம் எங்கள் செம்பனைத் தோட்டத்தில், லயம் முழுக்க அந்த வாசனைதான். தொழிலாளர்களுக்கான பன்னிரண்டு வீடு, ஒரே நீளச் சுவர். ஆளுக்கொரு பிரஷை எடுத்துக்கொண்டு எல்லாரும் வெள்ளை அடித்தார்கள்.

அடிக்கச் சொன்னது நான். அப்போது எனக்குப் பதினைந்து வயது.

தோட்டத்தை ஒரு கம்பெனி வாங்கியிருந்தது. அங்கே புது வீடுகளோடு தாமான் வரப்போகிறது, லயத்துக் குடும்பங்களுக்கு மாற்று வீடு உண்டு என்றார்கள். இடிப்பதற்கு முன்னால் பிரியாவிடை விருந்து ஒன்றும் வைத்தார்கள். விருந்தைக் கவனிக்கக் கம்பெனி சார்பில் நீலாயிலிருந்து ஓர் அண்ணன் வந்தார். நான் பள்ளிக்காகச் செய்த கார்ட்டூனை யாரோ அவருக்குக் காட்டியிருக்கிறார்கள்.

"புரொஜெக்டர் நான் கொண்டாறேன். படத்த நீ செஞ்சிரு. ஒங்க வீட்டுச் சுவர் மேலேயே ஓட விட்டுருவோம்லா" என்றார்.

எனக்குத் தலைகால் புரியவில்லை.

எதிரே பந்து விளையாடும் திடலில் லோரியை நிறுத்தி, அதன் மேல் புரொஜெக்டரை வைத்தோம். நான் மடிக்கணினியோடு லோரியில் உட்கார்ந்து சுவரிலிருந்த ஒவ்வொரு கதவையும் ஜன்னலையும் திரையில் கோடு போட்டுப் பிரித்தேன். ஒரு விரல் அளவு பிசகினாலும் என் படத்து யானையின் தும்பிக்கை அடுத்த வீட்டுக்குள் போய்விடும்.

ஏழாம் வீட்டுப் பார்வதி அத்தை லோரிப் பக்கம் வந்து எட்டிப் பார்த்தார்.

"என் வீட்டு ஜன்னல்ல என்னா வருது?"

"யானை, அத்தே."

"வேணாம்லா. உள்ள ஏற்கனவே ஒன்னு படுத்துக் கெடக்கு."

உள்ளே இருந்த முனியாண்டி மாமா இருமிக் காட்டினார்.

சோதித்துப் பார்த்தபோது ஒன்றும் சரியாக விழவில்லை. விறகுப் புகையும் பாசியும் ஏறிக் கறுத்த சுவர் அது. எந்த நிறத்தைக் காட்டினாலும் குடித்துவிட்டது. அது போதாதென்று ஒவ்வொரு கதவுக்குப் பக்கத்திலும் சிவப்பில் பெரிய எழுத்து. மாற்று வீட்டுக்காகக் குடும்பங்களைக் கணக்கெடுத்தபோது, வேலையை மேற்பார்க்கும் மண்டோர் சாய டின்னோடு வந்து வீட்டு எண்ணையும் குடும்பத் தலைவர் பெயரையும் எழுதிவிட்டுப் போயிருந்தார். எங்கள் தோட்டத்தில் அதுதான் வழக்கம். கையில் காகிதம் தருவதில்லை.

என் யானையின் நெற்றியில் '7 முனியாண்டி' என்று இருந்தது. எனக்கு எரிச்சலாக வந்தது.

"அண்ணே, சுவர் வெள்ளையா இருந்தாத்தான் கலர் தெரியும்" என்றேன்.

மறுநாளே கம்பெனிச் செலவில் டின் டின்னாகச் சாயம் வந்து இறங்கியது. இலவசம் என்றதும் லயமே கூடிவிட்டது. அப்பா தன் பெயர் மேல் தானே அடித்தார். முனியாண்டி மாமா வேலையில் விழுந்து கால் போனதால் முன்கூட்டியே ஓய்வு வாங்கியவர். முக்காலியில் உட்கார்ந்து எட்டிய வரைக்கும் அடித்தார்.

"ஒன் பேர அழிக்க இவ்ளோ நேரமா?" என்று அத்தை கேலி செய்தார். எல்லாரும் சிரித்தோம். நானும்...

விருந்தன்று இருட்டியதும் படம் ஓடியது. கதவுகள் வெளிச்சத்தில் திறந்தன. ஜன்னலுக்கு ஜன்னல் யானை நடந்தது. செம்பனையெல்லாம் ரப்பர் மரமாக மாறி, அந்தக் காலத்துப் பால் வாளி தூக்கியவர்கள் சுவர் நெடுக நடந்து போனார்கள். மாமா கைதட்டியது இன்னும் கேட்கிறது.

அடுத்த மாதம் கணக்கெழுதும் கம்பெனிக் கிராணி பட்டியலோடு வந்தார். சம்பளப் பட்டியலில் இருப்பவர்களைக் குறித்துக்கொண்டார். எங்கள் வீடும் அதில் வந்தது. ஏழாம் வீட்டில் நின்றுவிட்டார். ஓய்வு வாங்கிய மாமா பெயர் அந்தப் பட்டியலில் இல்லை.

"சுவத்துல பேர் இருந்தா ஒங்களுக்கும் உண்டு. எங்க பேரு?"

அத்தை வெள்ளைச் சுவரைக் காட்டினார். "இதுக்குள்ளதான் இருக்கு."

"நான் எப்படி எழுதறது, சொல்லுங்க."

அத்தை ஒரு கரண்டியை எடுத்துவந்து சுரண்டினார். வெள்ளையோடு சிவப்பும் சேர்ந்து பொடியாகக் கொட்டியது. அத்தை நிறுத்தவே இல்லை. செங்கல் தெரிகிற வரைக்கும் சுரண்டினார்.

கிராணி என் பக்கம் திரும்பி, "இந்தப் பொண்ணுதான வெள்ளை அடிக்கச் சொன்னுச்சு?" என்றார்.

சாயத்தை வாங்கியது யார்? எழுதிய பெயருக்குப் பதிலாக ஒரு துண்டுக் காகிதம் தர எவனுக்குக் கை வரவில்லை? இதையெல்லாம் கேட்காமல் வாயைப் பொத்திக்கொண்டு நின்றேன். அதை நினைத்தால் என்னையே அறையத் தோன்றுகிறது.

இப்போது லயம் இருந்த இடத்தில் கம்பெனியின் விற்பனைக்கூடம் இருக்கிறது. அதன் வாசல் திரையில் என் யானை நாள் முழுக்க நடக்கிறது. 'நம் பாரம்பரியம்' என்று கீழே எழுதியிருக்கிறார்கள். அந்த வாசலில் காவல் நிற்பது என் அப்பா. கால் போன மாமாவும் அத்தையும் லோபாக்கில் மகள் வீட்டு ஹாலில் பாய் விரித்துப் படுக்கிறார்கள்.

போன வாரம் தோட்டத்து வாட்ஸ்அப் குழுவில் அத்தை குரல் அனுப்பியிருந்தார். மாற்று வீடு கேட்டு அவர்கள் போட்ட மனுமேல் வெள்ளிக்கிழமை விசாரணையாம். "பழைய சுவத்துப் படம் யார்கிட்டயாச்சும் இருக்காப்பா? மாமா பேரு தெரியற மாரி..."

அந்தக் குரலை எல்லாரும் திறந்து கேட்டார்கள். யாரும் படம் போடவில்லை.

என்னிடம் இருக்கிறது. சோதித்துப் பார்த்த அன்று, சுவர் எவ்வளவு மோசம் என்று அண்ணனுக்குக் காட்ட எடுத்த படம். அப்பாவிடம் மட்டும் சொன்னேன். அவர் கத்தவில்லை. "கம்பெனிக்குத் தெரிஞ்சு வேலை போச்சுன்னா இந்த வீட்டுக்கு மாசத் தவணை யார் கட்டுவா? அழிச்சிரும்மா" என்று மெதுவாகச் சொன்னார். அதுதான் இன்னும் பயமாக இருக்கிறது.

பக்கத்து அறையில் அவர் புரண்டு படுக்கும் சத்தம் கேட்கிறது. போர்வைக்குள் இருந்து இதைக் குழுவில் எழுதுகிறேன். காலையில் வேலைக்குக் கிளம்பும்போது அவர் இந்தக் குழுவைப் பார்ப்பார்.

அப்போது லயத்தில் உப்பு இல்லையென்றால் யார் வீட்டுக் கதவையும் தட்டலாம். இப்போது ஒரு படம் கேட்டாலும் நூறு பேர் மௌனமாக இருக்கிறோம்.

அத்தே, படம் கீழே இருக்கிறது. பெரிதாக்கிப் பாருங்கள். இடமிருந்து ஏழாவது கதவு. எழுத்து நன்றாகவே தெரிகிறது.