மதகோரத்தில் நகரச் சொல்ல ஆளில்லை

தேவராஜ் அண்ணன் போய்விட்டார் என்ற செய்தி எங்கள் தூண்டில்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில்தான் வந்தது. ஷிப்ட் முடிந்து கும்மிடிப்பூண்டியில் கம்பெனி பஸ்ஸில் உட்கார்ந்திருந்தேன். மாரடைப்பு, ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே எல்லாம் முடிந்துவிட்டது என்று அவருடைய மச்சான் எழுதியிருந்தார். அதற்குக் கீழே ஒருவர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டியிருந்தார். அதற்கும் கீழே இன்னொருவர், "ஞாயித்துக்கெழம தண்ணி எப்டி, மீனு எடுக்குதா?" என்று கேட்டிருந்தார். அழுகைக்கு முன்னால் எனக்குக் கோபம்தான் வந்தது. அது இன்னும் இறங்கவில்லை. இந்த அஞ்சலியில் நல்ல வார்த்தை குறைவாக இருந்தால் அவரைத் தெரிந்தவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் இருவரும் ஒரே ஆலையில் வேலை பார்த்தோம். அவர் கிரேன் ஓட்டினார், நான் ஸ்டோரில். ஞாயிறானால் இருவரும் பொன்னேரிப் பக்கம் ஆரணியாற்றுத் தடுப்பணையில் இருப்போம். மழை ஓய்ந்த மாதங்களில் அங்கே கால்வைக்க இடமிருக்காது. தொழிற்பேட்டையில் லீவு கிடைத்தவனெல்லாம் தூண்டிலோடு வந்து நிற்பான். பெரிய மீன் எடுப்பதோ மதகோரம் ஒன்றில்தான். அங்கே அண்ணன் ஒரு வழக்கம் வைத்திருந்தார். மதகோரத்தில் பெரிய மீன் பிடித்தவன் தூண்டிலைச் சுருட்டிக்கொண்டு வரிசையின் கடைசிக்குப் போய்விட வேண்டும். பக்கத்தில் நிற்பவன் அந்த இடத்துக்கு நகர்ந்துகொள்வான்.

கேட்க நன்றாகத்தான் இருக்கும். நின்று பார்த்தால் தெரியும். ஒருமுறை வாரக்கணக்கில் வெறுங்கையோடு திரும்பியபின் மதகோரத்தில் எனக்கொரு விரால் மாட்டியது. அதைப் பையில் போட்டுவிட்டு மறுபடி வீசினேன், அடுத்தது தக்கையை முட்டிக்கொண்டிருக்கிறது. அப்போது பின்னாலிருந்து அண்ணனின் குரல்: "நைனா, நவுரு."

"இன்னாண்ணே, இன்னொண்ணு முட்டிக்கினுகீதே!"

"அது அடுத்தவனுக்கு. நீ நவுரு."

"யாரு போட்ட சட்டம் இது?"

"இங்க அப்டிதான்."

காரணம் சொல்ல மாட்டார். எப்போது கேட்டாலும் இந்த இரண்டு வார்த்தைதான். என் இடத்துக்கு வந்தவன் என்னுடையதைவிடப் பெரிய விராலைத் தூக்கினான். மறுநாள் கேண்டீனில் அண்ணன் என் பக்கத்தில் நாஷ்டா தட்டை வைத்தபோது நான் எழுந்து வேறு மேசைக்குப் போனேன். அவர் தட்டை எடுத்துக்கொண்டு அங்கேயும் வந்து உட்கார்ந்தார். "உன் விராலு கொழம்பா, வறுவலா?" என்று கேட்டார். இப்படிப்பட்ட ஆளிடம் எத்தனை நாள் கோபமாக இருக்க முடியும்?

திருநின்றவூரிலிருந்து விலையுயர்ந்த ரீலோடு வந்த ஒருவரை உங்களுக்கும் ஞாபகமிருக்கும். அவர் மதகோரத்தில் மீன்மேல் மீனாக எடுத்தார், நகரவில்லை. பக்கத்துத் தூண்டிலில் மீன் மாட்டினால் நம் தூண்டில் நரம்பைச் சுருட்டி வழிவிடுவது எங்கள் இன்னொரு வழக்கம். அதையும் அவர் செய்யவில்லை. அண்ணன் என்ன செய்தார் தெரியுமா? அந்த ஆளுக்கு மீன் மாட்டிய ஒவ்வொரு முறையும் தன் நரம்பைச் சுருட்டிக்கொண்டார். "அவனுக்குமாண்ணே?" என்றேன். "நரம்பு சிக்கிக்கினா ரெண்டு பேருக்கும்தான் பேஜாரு" என்றார். அந்த மனிதர் பை நிறைய மீனோடு பைக்கில் ஏறிப் போனார். திருந்தவும் இல்லை, வெட்கப்படவும் இல்லை. நல்லவராக இருந்து அன்று என்ன கண்டீர்கள் அண்ணே என்று இப்போதும் கேட்கத் தோன்றுகிறது.

அவரும் மதகோரத்தில் மீன் எடுத்தால் அடுத்த நிமிஷம் நகர்ந்துவிடுவார். வீசுகிறவர்களின் கொக்கி மேலே பட்டுவிடாமல், "பின்னால ஆளு, பின்னால ஆளு" என்று சொல்லிக்கொண்டே கடைசிக்கு நடப்பார். அங்கே முழங்கால் தண்ணீர். விரல் நீள ஜிலேபி மீன்தான் வரும். அதையும் பிடித்துத் திரும்பத் தண்ணீரிலேயே விடுவார்.

காரியம் முடிந்து வந்த முதல் ஞாயிறு அணைக்குப் போனேன். விடியும் முன்பே போனதால் மதகோரம் எனக்குக் கிடைத்தது. அதற்குப் பிறகு நடந்ததைச் சொல்ல வாய் கூசுகிறது. ஒருவன் கேட்காமலே என் தோளை இடித்துக்கொண்டு வந்து நின்றான். ஒருவன் என் நரம்புக்குக் குறுக்கே வீசினான். எனக்கு விரால் மாட்டியது. "மாட்டிக்கிச்சு, சுருட்டுங்கப்பா!" என்று கத்தினேன். ஒருவரும் சுருட்டவில்லை. பழைய ஆட்களும்தான். சிக்கிய நரம்புகளை அறுத்து மீனைக் கரையேற்றுவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

மறுபடி புழுவைக் கோத்தேன். நகரச் சொல்ல யாருமில்லை. நாள் முழுக்க அங்கேயே நின்றிருக்கலாம். எத்தனை ஞாயிறு இதற்காக ஏங்கியிருக்கிறேன்! ஆனால் வீசக் கை எழவில்லை. அண்ணனை வாய்விட்டுத் திட்டினேன். திட்டிக்கொண்டே தூண்டிலைச் சுருட்டினேன்.

தோளை இடித்தவன் என்னை ஒரு மாதிரி பார்த்தான்.

"இன்னாண்ணே, மீனு எடுக்கற எடத்த வுட்டுட்டுப் போற?"

அவனுக்குச் சொல்ல என்னிடமும் காரணம் இருக்கவில்லை. அண்ணன் எனக்கு விட்டுப்போனது இரண்டு வார்த்தைதான். அதையே சொன்னேன்.

"இங்க அப்டிதான்."

பிறகு, "பின்னால ஆளு, பின்னால ஆளு" என்றபடி கடைசிக்கு நடந்தேன்.